பக்கம் திருப்பாத கடிதம்

முகாம்,
6-8-1989

அன்புள்ள வேலுத்தாய்க்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மதுரையில் ரயில் ஏறியதிலிருந்து நாலு நாள் உட்கார்ந்தே வந்ததில் முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டது. இது எந்த ஊர் என்று எழுதக் கூடாது. உத்தரவு. உறையின் மேல் இருக்கிற ராணுவத் தபால் எண்ணை, ஏ.பி.ஓ. எண்ணை, போட்டால் எனக்கு வந்துவிடும். தபாலாபீஸில் வேலை பார்க்கிறவளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. பனிமலைக்கு ஆள் கேட்டால் பேர் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். வாங்கிய பிறகாவது சிரித்திருக்கலாம். கவலைப்படாதே. என்னை ஸ்டோர் கோர்ஸுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை, அதற்கு ஒரு படிப்பு.

காலை ஐந்து மணிக்கு டீ. பிறகு ஒரு நடை. முதல் இரண்டு நாள் படுத்தே இருக்கச் சொன்னார்கள், மூன்றாம் நாள் அரை மணி, இப்போது இரண்டு மணி நேரம். அப்புறம் வகுப்பு. குளிக்க வேண்டாம், சவரம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சோம்பேறிகளுக்கு ஏற்ற பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும். நோர்பு என்று ஒரு ஹவில்தார், எங்களுக்குச் சொல்லித்தருகிற உஸ்தாத். அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பார். என் காலை இத்தனை மரியாதையாக யாரும் பார்த்ததில்லை.

நீ கொடுத்த பால்கோவா இந்தக் காற்றுக்குக் காய்ந்து கல்லாகிவிட்டது. சுத்தியலால் தட்டித் தின்றோம். பாதியை என் கூட இருக்கிற குர்தீப் சிங்கே தின்றுவிட்டான். அடுத்த தடவை அனுப்பினால் உதட்டுக்குப் போட வாஸ்லின் டப்பா ஒன்றும் சேர்த்து அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போகும்போது அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. மகன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று இரண்டு தடவை சொல்.

உன்,
சோலைச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
17-8-1989

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பையைப் பிரித்ததும் உங்கள் கையெழுத்தை போஸ்ட்மேன் தவசிமுத்து அண்ணன்தான் முதலில் பார்த்தார். "ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு காயிதம். தெருவுக்குக் கொண்டுபோய்க் கதவைத் தட்டணுமா, இங்கனயே வாங்கிக்கிடுதியா?" என்றார். பதிவுத் தபால் கவுண்டரிலேயே உட்கார்ந்து படித்தேன். எதிரே மூன்று பேர் நின்றார்கள். ஆடிப்பூரக் கூட்டம் கரைந்து பத்து நாளாகியும் கவுண்டரில் கூட்டம் குறையவில்லை.

அத்தான், நான் ஒன்று கேட்கிறேன். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் எதற்காகத் தாடி வளர்க்கிறான்? முதல் இரண்டு நாள் ஏன் படுத்தே இருக்க வேண்டும்? ஆடி மாதத்தில் உதடு வெடிக்கிற ஊர் எது? எங்கள் போஸ்ட்மாஸ்டர் ஜகந்நாதன் சாரும் முப்பது வருடமாக ஸ்டோர் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறார். அவர் காலை இதுவரை யாரும் விரல் பிரித்துப் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று சொல்வீர்கள். இருக்கட்டும். எந்நேரமும் அடுத்தவர்கள் கடிதத்தில் விலாசத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. உறையைத் தொட்டாலே உள்ளே இருப்பவன் உண்மை பேசுகிறானா என்று தெரிகிறமாதிரி இருக்கிறது.

மலைக்குப் போகக் கூடாது என்று நான் கேட்டது பயத்தில். மம்சாபுரத்துப் பரிபூரணம் அக்காவுக்குப் போன வருடம் மலைக்குப் போன மகனுடைய சாமான் மட்டும் பார்சலில் வந்ததே, அதை நான்தான் பதிவில் ஏற்றினேன். தவசிமுத்து அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து அன்றைக்கு மிச்சத் தபாலைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகு பயம் வராமல் இருக்குமா? ஆனால் ஒன்று. நீங்கள் போய்விட்டீர்கள் என்றால் போய்விட்டேன் என்று எழுதுங்கள். மலையை நான் தாங்கிக்கொள்வேன். பொய்யைத் தாங்க மாட்டேன்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தாடி, கால், வாஸ்லின் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் படித்தேன். நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். வாஸ்லின் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வேலுத்தாய்


முகாம்,
27-8-1989

அன்புள்ள வேலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இனி மழுப்ப வழியில்லை.

பனிமலைக்குத்தான் போகிறேன். இது அதற்கான பயிற்சி. எங்கள் பட்டாலியனின் முறை வந்துவிட்டது. என் பெயரை முதலில் கீழே ஸ்டோரில் நிற்கிற பட்டியலில்தான் போட்டிருந்தார்கள். அதனால் ஸ்டோர் என்று சொன்னதில் அரைக்கால் உண்மை உண்டு. நான்தான் போய்ப் பெயரை மாற்றிக் கொடுத்தேன். எங்கள் செக்‌ஷனில் எட்டுப் பேர் ஏழு வருடமாக ஒன்றாக இருக்கிறோம். ஏழு பேர் மேலே போகும்போது நான் கீழே மண்ணெண்ணெய் டின்னைக் காவல் காக்க எனக்கு மனசு வரவில்லை. உனக்குச் சத்தியம் செய்து ஐந்தே நாளில் இதைச் செய்தேன். திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே நடப்பதை எழுதுகிறேன். ஒவ்வொரு உயரத்திலும் சில நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். அதன் பிறகு பனிச்சுவரில் ஏறப் பழகுகிறோம். பூட்டுக்கு அடியில் இரும்பு முள் கட்டி, கையில் கோடரியோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும். பனி பிளந்திருக்கிற இடத்தில் அலுமினிய ஏணியைப் படுக்கப் போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். கீழே பார்க்காதே என்பார்கள். பார்த்தேன். நீலமாக இருக்கிறது, அடி தெரியவில்லை. எட்டுப் பேரையும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பார்கள். ஒருவன் சறுக்கினால் மற்ற ஏழு பேரும் அந்த நொடியே கோடரியைக் குத்தி விழுந்து படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதே வேலை.

காலையில் கயிறு கட்டுவதற்கு முன்னால் நோர்பு உஸ்தாத் ஒவ்வொருவனிடமும் தலை வலிக்கிறதா என்று கேட்பார். மேலே தலைவலிதான் முதல் எச்சரிக்கை. மறைத்துக்கொண்டு ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துவிடுமாம். கயிற்றில் ஒருவன் மறைத்தால் எட்டுப் பேருக்கும் ஆபத்து என்று அவர் தினமும் சொல்கிறார்.

இப்போது சொல்லத் தயங்குகிற விஷயம். என் அரைஞாண்கொடியை எடுத்துவிட்டார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வைத்தார்கள். நான் வெள்ளிக்கொடியை மூன்று சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தேன். அம்மா கட்டியதை உயிரோடு இருக்கும்போது அவிழ்க்கிற வழக்கம் நம்மிடம் கிடையாதே. மேல் முகாமில் இரண்டு நாள் தங்கியதில் குளிர் பிடித்து இடுப்பைச் சுற்றிப் புண்ணாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டார். நம் கல்யாணத்தின்போது ஆசாரி கொக்கியைப் பற்றவைத்துவிட்டதால் கழற்றவும் முடியவில்லை. சிக்னல்காரன் வயர் வெட்டுகிற குறடைக் கொண்டுவந்து வெட்டினான். பஞ்சாபியும் ஜம்முக்கார டோக்ராவும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்ததை வலியால் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று குர்தீப் பத்து நாள் விடுமுறையில் கிளம்பினான். கொடியைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்து, சண்டிகரில் உனக்குப் பதிவுப் பார்சலாகப் போடச் சொன்னேன். இந்தக் கடிதம் முதலில் வந்துவிடும் என்று நினைக்கிறேன். பார்சலைப் பார்த்துப் பயந்துவிடாதே. அம்மாவிடம் காட்டாமல் பெட்டியில் வை.

புண் ஆறிவிட்டது. தலைவலி எதுவும் இல்லை.

சோலைச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2-9-1989, சனிக்கிழமை

அத்தானுக்கு,

இதை யாருக்கு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலைப் பையில் சண்டிகர் முத்திரையோடு ஒரு பதிவுப் பார்சல் வந்தது. என் பெயர் ஆங்கிலத்தில், வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்தது. அனுப்புநர் இடத்தில் உங்கள் நம்பர், ராங்க், பெயர். தவசிமுத்து அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார். எப்போதும் சத்தமாக வாசிக்கிறவர் வாசிக்காமல் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பரிபூரணம் அக்காவுக்கு வந்த பார்சலின் மேலும் இப்படித்தான் எழுதியிருந்தது.

நானே பதிவில் ஏற்றி, நானே கையெழுத்துப் போட்டு, நானே எனக்கு டெலிவரி கொடுத்துக்கொண்டேன். ஸ்டாம்ப் அறைக்குள் போய்ப் பிரித்தேன். உள்ளே உங்கள் அரைஞாண்கொடி. வெட்டியிருந்தது. வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

வெட்டிய அரைஞாண்கொடிக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அழவில்லை. வெளியே வந்து பதினொரு பதிவுத் தபாலுக்கு ரசீது போட்டேன். ஜகந்நாதன் சார் என் முகத்தைப் பார்த்து வீட்டுக்குப் போகச் சொன்னார். போகவில்லை. தந்தி வந்தால் இங்கேதானே வரும்.

ஞாயிற்றுக்கிழமை.

தந்தி வரவில்லை. வழக்கம்போல ராஜபாளையம் போனேன். போகாமல் இருந்தால் அத்தை தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். கொடி பைக்குள் இருந்தது. உங்கள் அண்ணன் மில்லுக்கு ஷிப்டுக்குப் போயிருந்தார், நல்லதாகப் போயிற்று. அத்தை, "கடுதாசி வந்துச்சா?" என்றார்கள். வந்தது என்றேன். உங்கள் பழைய கடிதத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் படித்தேன். கோர்ஸில் முதல் மார்க் வாங்கினீர்கள். உருளைக்கிழங்குப் பொரியல் போடுகிறார்கள். உடம்பு பெருத்துவிட்டது. தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறீர்கள். என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு வந்தது என்று எனக்கே புரியவில்லை. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பூ வைத்து அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது அந்தப் பூவைப் பிடுங்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது, எறியக் கூடாது போலவும் இருந்தது.

திங்கட்கிழமை.

உங்கள் கடிதம் வந்துவிட்டது.

எழுத்தைப் பார்த்ததும் சத்தம் போட்டுவிட்டேன். தவசிமுத்து அண்ணன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். இருபத்தேழாம் தேதி என்று போட்டிருக்கிறது, பார்சலுக்குப் பிறகு எழுதியது என்று அவரிடம் நாலு தடவை சொன்னேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது கேளுங்கள். பார்சலுக்குள் ஒரு கடிதம் வைக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது. பத்து வருடமாகத் தபாலாபீஸில் இருக்கிறவளின் புருஷனுக்கு அது தெரியவில்லை. ஒரு துணியின் ஓரத்தில் 'நான் இருக்கிறேன்' என்று பேனாவால் எழுதியிருந்தால் என் மூன்று நாள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். மூன்று நாள் நான் தாலியைக் கையால் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

முதல் கடிதத்திலேயே உண்மையை எழுதியிருந்தால், வெட்டுகிற அன்றைக்கே எனக்கும் எழுதியிருப்பீர்கள். ஒரு பொய்யை மூடப் போய்த்தான் இந்தக் கொடி ஊமையாக வந்து சேர்ந்தது. உங்கள் உஸ்தாத் சொல்கிறாரே, கயிற்றில் ஒருவன் மறைத்தால் எல்லோருக்கும் ஆபத்து என்று. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறேன்.

கடைசி வரியில் தலைவலி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்கு ஏன் பதில்?

மூன்று நாள் எழுதியதையும் சேர்த்தே அனுப்புகிறேன். நீங்கள் படிக்க வேண்டும்.

வேலுத்தாய்


கீழ் முகாம்,
14-9-1989

அன்புள்ள வேலு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. மூன்று நாளையும் படித்தேன். மன்னித்துவிடு. துணியின் ஓரத்தில் ஒரு வரி எழுத எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. வெள்ளி திருடு போகக் கூடாதே என்று மட்டும்தான் யோசித்தேன். குர்தீப் திரும்பி வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டு அவனும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவர்கள் பக்கம் இப்படி ஒரு வழக்கமே இல்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். தலைவலி இருந்தது. உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பிருந்தே நெற்றிப் பொட்டில் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது நிற்கவில்லை. போன மாதமும் இரண்டு நாள் வந்து போனது. உனக்கு எழுதிய அன்றைக்கும் இருந்தது. நோர்பு உஸ்தாத் கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னால் கயிற்றிலிருந்து எடுத்துவிடுவார்கள். எட்டுப் பேரில் நான் மட்டும் இறங்க வேண்டும்.

பதிமூன்றாம் தேதி காலை வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஐந்து பேரும் இல்லை என்றார்கள். என் முறை வந்தது. பையில் உன் கடிதம் இருந்தது. "வலிக்கிறது, உஸ்தாத்" என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் இடுப்பிலிருந்த கொக்கியைத் தன் கையாலேயே கழற்றினார். அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு அன்று மதியமே வண்டியில் கீழே அனுப்பினார். இன்னும் இரண்டு நாள் மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

இங்கே வந்த மறுநாளே வலி விட்டுவிட்டது. மூன்று சப்பாத்தி சாப்பிட்டேன். பத்து நாள் தங்கி, மறுபடி முதலிலிருந்து ஏறி, மறுபடி பரிசோதனை. தேறினால் மேலே போகிற அடுத்த அணியோடு போவேன். தேறாவிட்டால் கீழேதான். அதுவரைக்கும் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை என்ன தெரியுமா? ஸ்டோர். மண்ணெண்ணெய் டின்னும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிறேன். சிரித்துக்கொள்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. என் இடத்தில் வேறு ஒரு பையனைக் கட்டிக்கொண்டு அவர்கள் ஏழு பேரும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, அன்றைக்கு வலிக்கிறது என்று சொன்ன பிறகு ரொம்ப நாளைக்கு அப்புறம் அசந்து தூங்கினேன்.

அம்மாவிடம் நீ பழைய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாயே, அந்த இடத்தைத்தான் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை. அதை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடு. கொடியையும் காட்டு. அழுதால் அழட்டும்.

இடுப்பு வெறுமையாக இருப்பது இன்னும் பழகவில்லை. அடிக்கடி கை போய்த் தேடுகிறது.

சோலைச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
25-9-1989

அன்புள்ள அத்தானுக்கு,

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. "வலிக்கிறது, உஸ்தாத்" என்ற இடத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மேலே போனேன். வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அன்றைக்குக் கவுண்டரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன், அதுவும் சந்தோஷத்தில்தான்.

நேற்று ராஜபாளையம் போனேன். இதற்கு நடுவே இரண்டு ஞாயிறு போயிருந்தும் சொல்லவில்லை. உங்களைத் திட்டிய அதே வாயால் நானும் கோர்ஸ், பொரியல் என்று படித்துக்கொண்டுதான் இருந்தேன். பொய்யைத் தாங்க மாட்டேன் என்று எழுதியவள் நான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அத்தை கொல்லையில் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ராஜு அம்மா அத்தையோடு தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். நான் கீழே உட்கார்ந்து, "அத்தை, இன்னைக்கு உள்ளதை உள்ளபடி படிக்கேன்" என்று சொல்லிவிட்டு முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்தேன். தாடி, கால், மலை, கயிறு, ஏணி, தலைவலி ஒன்றையும் விடவில்லை. கொடியைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன்.

அத்தை கொடியைத் தொடவில்லை. "அப்ப அவன் இருக்கானா?" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை. நேற்று வந்த கடிதம் அத்தை, பதினாலாம் தேதி எழுதியது, இருக்கிறார், மூன்று சப்பாத்தி சாப்பிட்டிருக்கிறார் என்றேன்.

அதற்குப் பிறகு அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூணு வாரத்துக்கு முன்னால நீ வந்து படிச்சியே, அந்தக் காயிதத்த நீ பக்கம் திருப்பவே இல்ல. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, பக்கம் திருப்பத் தெரியும்லா. எம்மகன் போயிட்டான், இவ மறைக்கான்னு அப்பமே நெனச்சுட்டேன். நீயாச் சொல்லுத வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒன் நெத்தியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்காவத்தான் பொட்டு வச்சுட்டு வாரியோன்னு."

அத்தான், எனக்கு மூன்று நாள்தான். அத்தைக்கு மூன்று வாரம். அன்றைக்கு எனக்குப் பூ வைத்து அனுப்பினார்களே, அதையும் மகன் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் வைத்திருக்கிறார்கள். நான் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் படித்தேன். அவர்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பார்சல் வந்த அன்றைக்கு அழாததெல்லாம் சேர்த்து அழுதேன். அத்தை என் தலையில் கை வைத்து, "செத்த நேரம் அழு, பொறவு எந்திச்சு மொகத்தக் கழுவு" என்றார்கள். அவர்கள் முகம் மட்டும் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது.

பிறகு கொடியை எடுத்து வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தார்கள். "வெள்ளியா காத்துது இத்தன நாளா? நூலு போதும்" என்றார்கள். உங்கள் அண்ணனிடம் மில்லில் நூல் கேட்டு வாங்கிவரச் சொல்லவில்லை, கடைத்தெருவுக்குத் தாங்களே நடந்து போய்க் கறுப்பு நூல் வாங்கி வந்தார்கள். மூன்று புரியாக முறுக்கினார்கள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். நீளத்துக்கு அந்த வெட்டிய கொடியையே வைத்து அளந்தோம். தாடி வளர்த்து, சாப்பிட்டது நிற்காமல் இருந்தவன் இடுப்பு சுருங்கியிருக்கும், ஆனாலும் குறைக்கக் கூடாது, உடம்பு திரும்பி வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். முடிச்சையும் அவர்களே போட்டார்கள். நீங்கள் காலை விட்டு ஏற்றிக்கொண்டால் போதும்.

நூலில் உலோகம் இல்லை. இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டைக்குள் மறைத்து வைக்க வேண்டாம்.

தேறினால் போங்கள். தேறாவிட்டால் மண்ணெண்ணெய் டின்னோடு இருங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். அந்தச் சத்தியத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்று கேட்கிறேன். எது நடந்தாலும் அது நடந்தபடியே எனக்கு வர வேண்டும்.

பார்சலுக்குள் கடிதம் வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா?

வேலுத்தாய்


முகாம்,
8-10-1989

அன்புள்ள வேலுவுக்கும் அம்மாவுக்கும்,

பார்சல் வந்தது. கடிதத்தை முதலில் எடுத்தேன். அம்மா சொன்னதை எழுதியிருந்த பக்கத்தோடு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத என்னால் இப்போது முடியாது. ஊருக்கு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன்.

நூலை டாக்டரிடம் காட்டினேன். இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். மூன்று விரல் தளர்வாக இருக்கிறது. அம்மா சொன்னது சரி, சப்பாத்தி அதைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு தடவை பரிசோதனை செய்தார்கள். தேறிவிட்டேன். நாளைக் காலை ஆறு மணிக்கு அடுத்த அணியோடு மேலே போகிறேன். புது ஆட்கள், ஆனால் கயிறு அதே கயிறு. நான் கடைசிக்கு முந்தின ஆள். நோர்பு உஸ்தாத்தும் வருகிறார். மேலே தொண்ணூறு நாள். கடிதம் ஹெலிகாப்டர் வருகிற அன்றைக்குத்தான் வரும், வாரக்கணக்கில் வராமலும் போகும். வராவிட்டால் வானிலை சரியில்லை என்று மட்டும் அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குத் தலை வலிக்கவில்லை. உஸ்தாத் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

பயமாக இருக்கிறது. வேலு, இந்த வரியையும் அம்மாவுக்குப் படி. படித்துவிட்டு, பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் காட்டு.

சோலைச்சாமி